கஞ்சா ஏற்பியும் மனச்சிதைவும்: ஸ்கேன் சொல்வது என்ன?

கஞ்சாவுக்கும் மனச்சிதைவுக்கும் தொடர்பு இருப்பதை 1987-இல் லான்செட் இதழில் வெளியான சுவீடன் ஆய்வு உரக்கச் சொன்னது. ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட சுமார் 45,000 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது. கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது 1990-இல் துலங்கியது: சிபி1 எனும் ஏற்பியில். அந்த ஏற்பிக்காக மூளையே ஆனந்தமைடு என்ற பொருளைச் சுரக்கிறது என்று 1992-இல் ஜெருசலேமில் ரஃபேல் மெக்கூலம் குழு கண்டது. இவற்றைக் கோத்தால் ஒரு கதை தானே உருவாகிவிடுகிறது: கஞ்சா ஏற்பியைக் கெடுக்கிறது, கெட்ட ஏற்பி மனத்தைச் சிதைக்கிறது. இதற்குப் பெட் ஸ்கேன் படங்களைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் உண்டு. அந்தப் படங்களைச் சற்று நிதானமாகப் பார்த்தால், சாட்சி அவர்கள் நினைக்கும் பக்கம் பேசுவதாகத் தெரியவில்லை.

முதலில், பெட் ஸ்கேன் படம் புகைப்படம் அன்று, கணக்கு. சிபி1 ஏற்பியைத் தேடிப் பிடிக்கும் மருந்தில் கதிரியக்க அணுவைப் பொருத்தி ரத்தத்தில் செலுத்துகிறார்கள். அந்த அணு கார்பன்-11 என்றால், இருபது நிமிடத்தில் பாதி அழிந்துவிடும். அதனால் அந்த அணுவை உண்டாக்கும் சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மருந்து எவ்வளவு ரத்தத்தில் ஓடியது, எவ்வளவு மூளையில் தங்கியது என்ற விகிதம்தான் விடை. ரத்தத்தில் உள்ளதைச் சரியாக அறியத் தமனியில் ஊசி போட்டு, ஸ்கேன் முடியும்வரை மாதிரி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளிக்குச் சுலபமான காரியமில்லை. 2010-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு, மிகச் சிலரை மட்டுமே ஆராய்ந்து, மனச்சிதைவு உள்ளவர்களின் மூளைத்தண்டில் ஏற்பி கூடுதல் என்றது. 2013-இல் பெல்ஜியத்தின் லூவன் குழுவும் கூடுதல் என்றே சொன்னது. ஆனால் அங்கே தமனி ரத்தத்தை வைத்துக் கணக்கிடவில்லை. 2016-இல் ஏல் பல்கலைக்கழகக் குழு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பயன்படுத்திய அதே ஓமார் மருந்தைக் கொண்டு, தமனி ரத்தத்தையும் அளந்து, குறைவு என்றது. 2019-இல் லண்டனிலும் பின்லாந்தின் துர்குவிலும் வேறு வேறு மருந்துகளைக் கொண்டு செய்த ஆய்வும் குறைவு என்றே முடிந்தது.

இரண்டுக்கு இரண்டு, ஆகவே சமன் என்று சொல்லிவிடலாமா? கூடாது. அளவு முறை கறாரான இடங்களில் குறைவு திரும்பத் திரும்ப வருகிறது. மருந்து மாறியபோதும் வருகிறது. மனநோய்க்கான மாத்திரைகளே ஏற்பியைக் குறைத்திருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. ஆனால் 2019 ஆய்வில் இருந்தவர்கள் நோயின் தொடக்கக் கட்டத்தில் இருந்தவர்கள், அவர்களில் பலர் மாத்திரை எடுக்காதவர்கள். ஏற்பி குறையக் குறைய அறிகுறி கடுமையாக இருந்தது. பக்கச் சான்று ஒன்றும் உண்டு. ஏற்பி மிகுதிதான் நோய் என்றால், அதை அடைக்கும் ரிமோனபாண்ட் நோயைத் தணித்திருக்க வேண்டும். மனச்சிதைவு உள்ளவர்களிடம் சோதித்தபோது அது உதவவில்லை. (உடல் எடை குறைப்பு மாத்திரையாக விற்கப்பட்ட அதை, மனச்சோர்வு உண்டாக்குகிறது என்று ஐரோப்பா 2008-இல் நிறுத்தியது தனிக்கதை.) ஆனந்தமைடு அதிகமாகச் சுரந்து ஏற்பிகளை முன்பே நிரப்பிவிட்டதால்தான் ஏற்பி குறைவாகத் தெரிகிறதோ என்ற கேள்வியை மட்டும் அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. நோயாளிகளின் மூளைத் தண்டுவடத் திரவத்தில் ஆனந்தமைடு கூடியிருப்பதை வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே ஏற்பி எண்ணிக்கை குறைவு என்பதைவிட, காலியாகக் கிடைக்கும் ஏற்பி குறைவு என்பதே சரியான சொல்.

சரி, இந்தக் குறைவு கஞ்சாவால் வந்ததா? தினமும் கஞ்சா புகைப்பவர்களிடம் மூளைப் புறணியில் சிபி1 சுமார் 20 சதவீதம் குறைந்திருப்பதை 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். சுமார் நான்கு வாரம் நிறுத்தியதும் அது பெரும்பாலும் மீண்டுவிட்டது. மனச்சிதைவு ஆய்வுகளிலோ அப்போது கஞ்சா எடுத்துக்கொண்டிருந்தவர்களைச் சேர்க்கவில்லை. அப்படியும் குறைவு தெரிந்தது. கஞ்சாவால் வந்து, விட்டால் மீளும் குறைவைக் கொண்டு, கஞ்சா இல்லாமலும் நிற்கும் குறைவை விளக்க முடியாது. பதின்பருவத்தில் புகைத்தது நிரந்தரத் தடம் விட்டிருக்கலாம் என்பார்கள். விட்டிருக்கலாம், ஆனால் நோய் வந்தபின் ஒரே ஒரு முறை எடுக்கும் ஸ்கேனால் அதை நிரூபிக்க வழியில்லை. சுவீடன் எண்கள் இதனால் பொய்யாவதில்லை; அவற்றுக்கு இந்தப் படத்தைக் காரணமாகக் காட்ட முடியாது, அவ்வளவே. நோய் வரும் அபாயமுள்ள இளைஞர்களை முன்பே ஒரு முறையும் சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஸ்கேன் செய்து பார்த்தால்தான் எது முந்தியது என்று பிடிபடும். அந்த ஆய்வில் பெண்களும் இருக்க வேண்டும்: 2016, 2019 ஆய்வுகள் இரண்டுமே ஆண்களை மட்டும் அளந்தவை.