கதவு எண் இல்லாத நாயகிகள்

வேலு நாச்சியாருக்கு ஹைதர் அலி துணை. ஒனகே ஓபவ்வாவுக்கு அவரே எதிரி. சிவகங்கை ராணிக்குப் படை தந்தவர் அவர். சித்திரதுர்க்கக் கோட்டையில் ஒரு சிறு சந்து வழியே நுழைந்த அவருடைய வீரர்களை, காவல்காரனின் மனைவி ஓபவ்வா உலக்கையால் அடித்துச் சாய்த்தாள் என்கிறது கன்னடத்துக் கதை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே டீக்கடையில் கேட்கும், ஓசூரின் தொழிற்பேட்டைப் பகுதியான மூக்கண்டப்பள்ளியில், ‘உங்கள் நாயகியை ஒரு கார்டில் வரைந்து அனுப்புங்கள்’ என்று சொன்னால், இந்த இரண்டு நாயகிகளும் ஒரே தபால் பையில் வந்து இறங்குவார்கள்.

கையால் செய்த கார்டைத் தபாலில் மாற்றிக்கொள்ளும் ‘அஞ்சல் கலை’க்குப் பல நாடுகளில் ரசிகர்கள் உண்டு. நடுவர் கிடையாது, நுழைவுக் கட்டணம் கிடையாது, வந்ததைத் திருப்பி அனுப்புவதில்லை. வந்தது எல்லாமே சுவரில் ஏறும். 1960களில் நியூயார்க் கலைஞர் ரே ஜான்சன், பாதி வரைந்ததை அனுப்பி, ‘மீதியைச் சேர்த்துத் திருப்பி அனுப்பு’ என்று எழுதுவார். நம் நாட்டில் சாந்திநிகேதனின் நந்தலால் போஸ், நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் போஸ்ட்கார்டுகளிலேயே ஓவியம் தீட்டி அனுப்பியவர்.

நமக்குப் பொருந்துவது இன்னொரு கதை. 1970களின் நடுவில் இங்கிலாந்தில் கேட் வாக்கர், சாலி கல்லப் என்ற இரண்டு தோழிகள் வெவ்வேறு ஊர்களில் இருந்தபடி, கையால் செய்த சின்னச் சின்னப் பொருள்களைத் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். மற்ற பெண்களும் சேர்ந்தார்கள். சமையலறை மேஜையில், பிள்ளைகள் தூங்கிய பிறகு செய்த வேலைகள். ‘ஃபெமினிஸ்டோ’ என்ற பெயரில் அவை 1977-ல் லண்டன் கலைக்கூடம் வரை போயின.

மூக்கண்டப்பள்ளியில் சாமான்களுக்குக் குறைவில்லை. கம்பெனி பேக்கிங் அட்டையில் 14-க்கு 9 சென்டிமீட்டர் வெட்டினால் கார்டு தயார். ஓசூர் ரோஜாவின் இதழை நோட்டுக்குள் வைத்துக் காயவைத்து, மேலே அகல டேப் ஒட்டினால் தபால் முத்திரையின் அடிக்கும் தாங்கும். பழைய பஸ் டிக்கெட் புடவைக் கரையாகும், ஸ்டிக்கர் பொட்டு கிரீடக் கல்லாகும். முகவரியை மட்டும் பால்பாயின்ட் பேனாவில் எழுத வேண்டும்; ஜெல் பேனா என்றால் ஒரு தூறலில் கரைந்துவிடும். 2008 டிசம்பர் 31 அன்று வேலு நாச்சியாருக்குத் தபால்தலையே வந்தது. தேடிப் பிடித்தால் ஒட்டலாம்.

யாரை வரைவது? கிருஷ்ணகிரிச் சீமையில் நடுகல்லுக்குப் பஞ்சமில்லை. சண்டையில் விழுந்தவன் வேடியப்பன் என்ற சாமியாகி இன்றும் பொங்கல் வாங்குகிறான். பெண்ணுக்குக் கல் கிடைத்தது பெரும்பாலும் கணவனோடு தீயில் இறங்கியதற்காக. வளையல் போட்ட ஒரு கை மேலே உயர்ந்திருக்கும், பெயர் இருக்காது. இன்றைய கார்டில் நைட் ஷிப்ட் முடித்துவந்து தம்பிக்கு ஃபீஸ் கட்டும் அக்கா வரட்டும். அவளுக்குப் பெயரும் போடலாம்.

முகவரி? என்னை உறுத்துவது அங்கேதான். அஞ்சல் கலையில் நீ அனுப்பினால் உனக்கு ஒன்று வர வேண்டும். 635126 என்று பின்கோடு எழுதிவிடலாம். அதற்கு மேலே உள்ள வரிகளில், இங்கே வேலைக்கு வந்த பெண் என்ன எழுதுவாள்? அவளுடைய ஆதார் ஒடிசாவையோ திருவண்ணாமலையையோ காட்டுகிறது. ரேஷன் கார்டும் ஓட்டும் அங்கே. இங்கே அவளுக்கு உள்ளது ஹாஸ்டலில் ஒரு கட்டில். கான்ட்ராக்ட் முடிந்தால் அதுவும் இல்லை. லைன் வீட்டில் பல வாசலுக்கு ஒரே கதவு எண். தபால்காரர் வரும் நேரத்தில் அவள் கம்பெனி லைனில் நிற்பாள், அல்லது நைட் ஷிப்ட் முடிந்து தூங்குவாள். கார்டு ஓனர் வீட்டு ஜன்னலிலோ வார்டன் மேஜையிலோ கிடக்கும். உறையில்லாத கார்டு, கையில் எடுத்தவர் எல்லாரும் படிக்கலாம். ‘யாரும்மா இந்த ராணி?’ என்ற ஒரு கேள்வி போதும், அடுத்த கார்டு போகாது.

நொடியில் வாட்ஸ்அப்பில் போகும் படத்துக்கு ஸ்டாம்ப் எதற்கு என்பார்கள் சிலர். சம்பளத்தைப் பேசாமல் கார்டைப் பேசுகிறாயே என்பார்கள் வேறு சிலர். இருக்கட்டும். தன் பெயருக்கு ஒரு தாள் வந்து சேராத ஊரில், பி.எஃப். நோட்டீசும் பேங்க் கார்டும்கூட அவளைத் தேடி அலையத்தான் வேண்டும்.

1772-ல் கணவர் காளையார்கோவிலில் கொல்லப்பட்டபின், வேலு நாச்சியாரும் சொந்த ஊர் இழந்து விருப்பாட்சியில் பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஆதரவில் இருந்தவர்தான். அவருக்காக அமைச்சர் தாண்டவராய பிள்ளை ஹைதர் அலிக்கு எழுதிய கடிதம் 5,000 குதிரைவீரர்களையும் 5,000 காலாட்களையும் கேட்டது. 1780-ல் சிவகங்கை திரும்பக் கிடைத்தது. அடைக்கலத்தில் இருந்த ராணிக்காகவும் ஒரு கடிதம் போனது.

2014-ல் வந்த தமிழ்நாட்டின் பெண்கள், குழந்தைகள் விடுதிச் சட்டத்தால் உரிமமும் பதிவேடும் கேமராவும் வந்தன. அந்தப் பட்டியலில் பெயர் ஒட்டிய, பூட்டுள்ள ஒரு தபால் பெட்டியையும் சேர்த்தால் என்ன? நிலையான முகவரி இல்லாத பயணிகளுக்காக, கடிதத்தைத் தபால் நிலையத்திலேயே வைத்திருந்து தரும் ‘போஸ்ட் ரெஸ்டான்ட்’ முறை பழைய ஏற்பாடுதான். ஷிப்ட் முடிந்து வரும் பெண்களுக்கும் அதைத் திறந்துவிட்டு, வாரத்தில் ஒரு மாலை கவுன்ட்டரை நீட்டினால் போதும். மார்ச் 8 அன்று கேட்டில் ரோஜா நீட்டும் நிர்வாகங்கள் அந்தப் பெட்டிக்குச் செலவழிக்கட்டும். கார்டை அந்தப் பெண்கள் செய்துகொள்வார்கள்.