பதினாறு கேபி போதும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் ஒரு வீட்டுக்குள் போனால், நெசவாளரின் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதிலிருந்து துளை போட்ட அட்டைகள், ஒன்றோடொன்று கோத்து, வரிசையாகத் தொங்கும். மிதியை ஒருமுறை மிதித்தால் ஓர் அட்டை திரும்பும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழைய, அதோடு சேர்ந்த பாவு நூல் மேலே எழும்பும். துளை இல்லாத இடத்தில் நூல் அப்படியே கிடக்கும். கரையில் ஓடும் அன்னமும் யாளியும் ருத்ராட்சமும் இந்த ‘உண்டு, இல்லை’ கணக்கில் பிறப்பவைதான். 1804இல் பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளுக்காக ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய முறை இது. கணினியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜ் தன் இயந்திரத்துக்கு இந்தத் துளை அட்டை யோசனையைத்தான் எடுத்துக்கொண்டார்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 240 கொக்கி கொண்ட ஜக்கார்டு. ஒரு டிசைனுக்கு 500 அட்டை என்று வைத்துக்கொள்வோம். ஓர் அட்டையில் 240 ‘உண்டு, இல்லை’. கணினி மொழியில் 30 பைட். 500 அட்டைக்கும் சேர்த்து 15,000 பைட். கல்யாணப் புடவையின் கரை ஒன்றைச் சொல்ல இவ்வளவு தகவல் போதும். கைபேசியில் எடுக்கும் 3 எம்பி புகைப்படம் ஒன்று இதைப்போல 200 மடங்கு இடம் பிடிக்கிறது.

முன்பு கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, அதைப் பார்த்து அட்டை குத்துவார்கள். இப்போது அந்தக் கட்டங்கள் கணினித் திரைக்கு வந்துவிட்டன. வேலை மாறவில்லை, ஒரு கட்டம் கறுப்பா வெள்ளையா என்பதே கேள்வி. அதே 240க்கு 500 கட்டத்தைக் கறுப்பு வெள்ளை பிஎம்பி படமாகச் சேமித்தால் கோப்பின் அளவு 16,062 பைட், ஏறக்குறைய 16 கேபி. இதை வரைய எம்டிபெயிண்ட் போன்ற ஒரு சிறிய இலவச மென்பொருளே தாராளம். படத்தைப் பெரிதாக்கினால் கட்டக் கோடுகளும் தெரியும்; பத்து வருடப் பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும். நிறமேற்றிய புடவைப் படத்தை வாடிக்கையாளருக்குக் காட்டவும், அட்டை குத்தும் இயந்திரத்தோடு நேரடியாகப் பேசவும் தனி மென்பொருள் தேவைப்படலாம். ஆனால் மலர் ஒன்றின் இதழைத் திருத்த, பல ஜிபி இடம் கேட்கும் புகைப்பட மென்பொருளை வாங்கிப்போட்டு, அது திறக்கும்வரை காத்திருப்பது வீண் செலவு. இந்தத் தொழிலில் நேரம் கூலியோடு கட்டுண்டது.

மென்பொருள் ஏன் இப்படிக் கனத்துப்போகிறது? பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995இலேயே ஒரு கட்டுரையில் இதைப் பற்றி முறையிட்டார். கணினி வேகம் கூடுவதைவிட மென்பொருள் மந்தமாவது வேகமாக நடக்கிறது என்பது அவர் முன்வைத்த குறை. அதே ஆண்டு வந்த விண்டோஸ் 95 குறைந்தபட்சம் 4 எம்பி ரேம் கேட்டது. இன்றைய விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி. ஆயிரம் மடங்கு! கடிதம் தட்டச்சு செய்யும் வேலை ஆயிரம் மடங்கு கூடிவிடவில்லை.

காரணங்கள் பல. யாரோ ஒருவருக்கு வேண்டிய வசதி எல்லோர் கணினியிலும் ஏறுகிறது. எலக்ட்ரான் என்ற முறையில் செய்யப்பட்ட செயலிகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு முழு பிரவுசரையே உள்ளே வைத்துக்கொண்டு வருகின்றன. நாலு செயலி திறந்தால் நாலு பிரவுசர் ஓடுகிறது. கணினியை ஆன் செய்ததும், கேட்காமலே பின்னணியில் ஓடத் தொடங்குபவை வேறு. ரேம் நிரம்பியதும் கணினி ஹார்ட் டிஸ்க்கைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தும். பழைய சுழலும் டிஸ்க் என்றால் அங்கேதான் எல்லாம் நின்றுபோகும். ‘கம்ப்யூட்டர் வயசாயிடுச்சு’ என்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான்.

தமிழ்நாட்டில் இது பல லட்சம் வீடுகளின் பிரச்சினை. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வந்தவற்றுக்கு 2 ஜிபி ரேம். விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் அவற்றில் இருந்தது. பலர் லினக்ஸ் பக்கமே போகவில்லை. அதைப் பெற்ற மாணவர் கல்லூரி முடித்ததும் கணினி பரணுக்குப் போனது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு அந்தக் காலத்துக் கணினிகளில் கிடையாது.

ஆனால் அவை குப்பைக்குப் போக வேண்டியவை அல்ல. ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் வகைக்கு 512 எம்பி ரேம் போதும். லுபுண்டு, லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போன்றவை கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் பழக எளிது. தமிழ்99 விசைப்பலகையையும் இவற்றில் அமைத்துக்கொள்ளலாம். விண்டோஸை விட முடியாதவர்களுக்கும் வழி உண்டு: பிடிஎஃப் படிக்க சுமத்ரா பிடிஎஃப், படம் பார்க்க இர்ஃபான்வியூ, கோப்பைச் சுருக்க 7-ஜிப். மூன்றும் சில எம்பி அளவுதான். வேலையில் குறை வைப்பதில்லை.

எல்லாவற்றையும் இப்படி மாற்றிவிட முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கணக்கு எழுத டேலி வைத்திருக்கும் கடைக்கும், ஆடிட்டர் தரும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும் பெரும்பாலும் விண்டோஸ் தேவைப்படும். பெரிய சுமை இன்று இணையதளங்களே. எவ்வளவு இலகுவான இயங்குதளம் போட்டாலும், இருபது டேப் திறந்தால் 2 ஜிபி ரேம் திணறும். விளம்பரங்களைத் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் போன்ற நீட்சியைப் பிரவுசரில் சேர்த்து, வேண்டாத டேப்களை மூடினால் கணிசமான நிம்மதி கிடைக்கும்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே பேசிப் பகிரும் ஆர்வலர் கூட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் இணையவழியே கூடுகிறது. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இதழ், லினக்ஸ் பற்றிய பாடங்களை எளிய தமிழில் இலவசமாகத் தருகிறது. ஆங்கிலக் கையேடு புரியவில்லையே என்று தயங்குகிறவர்களுக்கு இவை பெரிய துணை.

பரணிலிருந்து மடிக்கணினியை இறக்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, உள்ளே இருக்கும் புகைப்படங்களையும் சான்றிதழ்களையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைப்பது. அடுத்து, லுபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை ஆன் செய்யலாம். ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபை கிடைக்கிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா, தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் நிறுவலாம். இல்லையென்றால் பென் டிரைவை உருவிவிட்டால் பழைய விண்டோஸே திரும்ப வரும்.