கவர்ட் கால்: ‘ரோல்’ செய்யும் முன் ஒரு கணக்கு

கைப்பேசியிலேயே அமெரிக்கப் பங்குகளை வாங்குவது இப்போது எளிது. அப்படி வாங்கியவர்களின் காதில் அடுத்து விழும் சொல் ‘கவர்ட் கால்’. பங்கைக் கையில் வைத்துக்கொண்டே மாதாமாதம் பணம் பார்க்கலாம் என்பார்கள். பணம் வருவது உண்மைதான். விலை ஏறும்போது என்ன செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

வீடு விற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். “இரண்டு மாதத்திற்குள் கேட்டால், இந்த விலைக்குத் தருகிறேன்” என்று ஒருவரிடம் முன்பணம் வாங்குகிறீர்கள். அவர் வாங்காவிட்டாலும் முன்பணம் உங்களுக்கே. வீட்டின் விலை எகிறினாலும் பேசிய விலைக்கே கொடுத்தாக வேண்டும். கவர்ட் காலில் வீட்டுக்குப் பதில் 100 பங்குகள். முன்பணத்தின் பெயர் பிரீமியம். பேசிய விலையின் பெயர் ஸ்டிரைக்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒருவர் 50 டாலர் விலையில் 100 பங்குகள் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வாரத்தில் முடியும் 55 டாலர் ஸ்டிரைக் ஒப்பந்தத்தை விற்று, பங்குக்கு 1 டாலர் வீதம் 100 டாலர் பெறுகிறார். கடைசி நாளில் விலை 55க்குக் கீழே இருந்தால், பங்கும் பணமும் அவருக்கே. மேலே இருந்தால் பங்கு 55க்குப் போய்விடும். அப்போது அவருடைய லாபம் 500 டாலரும் பிரீமியம் 100 டாலரும் சேர்த்து 600 டாலர்.

முடிய ஒரு வாரம் இருக்கையில் விலை 57 ஆகிறது. பங்கை விட மனமில்லை. இங்கேதான் ‘ரோல்’ வருகிறது. பழைய ஒப்பந்தத்தைத் திரும்ப வாங்கிவிட்டு, அடுத்த மாதத்திற்குப் புதியதை விற்பதே ரோல். பழையதை வாங்க 260 டாலர் செலவு. 57.50 ஸ்டிரைக்கில் புதியதை விற்றால் 290 டாலர் வரவு. கையில் மிஞ்சுவது 30 டாலர். தரகுக் கட்டணம் இரண்டு முறை தனி.

இனி விலை 57.50க்கு மேல் நின்றால் மொத்த லாபம் 880 டாலர். ஆனால் விலை 48க்கு இறங்கினால்? பங்கில் 200 டாலர் நட்டம், பிரீமியம் 130 டாலர். கைக்கு எட்டிய 600 டாலர் போய், 70 டாலர் நட்டத்தில் நிற்பார். ரோல் செய்ததும் 30 டாலர் வரவு வைக்கப்படுவது கண்ணுக்குத் தெரியும். இந்த ஆபத்து தெரியாது.

விலை இறங்கினால்

பங்கு 44க்குச் சரிந்தால் நட்டம் 600 டாலர். வாங்கிய 100 டாலர் பிரீமியம் அதில் ஒரு சிறு பகுதியைத்தான் ஈடுகட்டும். அந்த நேரத்தில் கூடுதல் பிரீமியத்துக்கு ஆசைப்பட்டு 46 ஸ்டிரைக்கில் விற்பவர்கள் உண்டு. பங்கு மீண்டும் 50க்கு ஏறினால், வாங்கிய விலைக்கும் குறைவாக 46க்கே கொடுக்க நேரும்.

கவனிக்க வேண்டியவை

ஒப்பந்தம் நிலுவையில் இருக்கும்போது பங்கை மட்டும் விற்றுவிடக் கூடாது. முதலில் ஒப்பந்தத்தை முடிக்க வேண்டும். பங்கு கையில் இல்லாத கால் ஒப்பந்தத்தில் நட்டத்துக்கு எல்லையே இல்லை.

அமெரிக்கப் பங்கு ஒப்பந்தங்களில், வாங்கியவர் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. விலை ஸ்டிரைக்கைத் தாண்டியிருந்தால், லாப ஈவு பெறத் தகுதியான கடைசி நாளிலேயே அவர் பங்கைக் கேட்டுவிடக்கூடும். அந்தத் தேதியை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

அமெரிக்கச் சந்தை நம் நேரப்படி இரவு 9.30க்குத் திறக்கும். அங்கே குளிர்காலம் என்றால் 10.30. கடைசி நாள் நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு முடிவெடுப்பதைவிட, சில நாள்களுக்கு முன்பே முடிவெடுப்பது நல்லது.

ரோல் செய்யும் முன் உங்களிடம் நீங்களே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “இந்தப் பங்கு என்னிடம் இல்லை என்றால், இன்றைய விலைக்கு வாங்கி, இந்தப் புதிய ஒப்பந்தத்தை விற்பேனா?” ஆம் என்றால் ரோல் செய்யலாம். இல்லை என்றால், பேசிய விலைக்குப் பங்கைக் கொடுத்துவிட்டு லாபத்தை எடுத்துக்கொள்ளலாம். பேசிய விலைக்கு விற்பதில் தோல்வி ஒன்றும் இல்லை. அந்த விலையைத் தேர்ந்தெடுத்தவர் நீங்கள்தானே!