பாம்புச் சட்டை கொண்டுவந்த பறவை

கருஞ்சிட்டைத் தெரியுமா உங்களுக்கு? சிட்டுக்குருவி இல்லை, இது வேறு. கல்லும் முள்ளுமாய்க் காய்ந்து கிடக்கும் பூமியில்தான் இதற்குக் குடித்தனம். ஆணுக்குப் பளபளக்கும் கறுப்பு உடம்பு, தோளில் ஒரு வெள்ளைத் திட்டு, வாலுக்கடியில் செங்கல் நிறம். பெண்ணுக்கு வெறும் பழுப்புப் புடவைதான்! இரண்டும் வாலைத் தூக்கி நிறுத்திக்கொண்டு தரையில் தத்தித் தத்தி ஓடும்.

நான் பிறந்தது சிதம்பரம். வயலும் வாய்க்காலுமான பக்கம். அங்கே விடியற்காலையில் பாடும் குண்டுகரிச்சானைத்தான் எனக்குத் தெரியும். (வங்கதேசத்தின் தேசியப் பறவை அது.) அதன் சொந்தக்காரரான கருஞ்சிட்டைப் பார்த்தது, கடலூர் கேப்பர் மலைச் செம்மண் மேட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். 1760-ல் இதைப் பற்றி எழுதிய பிரிஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர், பிலிப்பைன்ஸ் பறவை என்று நினைத்துவிட்டார். 1766-ல் லின்னேயஸ் அறிவியல் பெயர் சூட்டினார். அது புதுச்சேரிப் பறவை என்று பிற்பாடுதான் திருத்தினார்கள். நமக்குப் பக்கத்து ஊர்!

சென்ற பங்குனியில் எங்கள் பின்பக்கச் சுவரில், கல் பெயர்ந்த பொந்தில் ஒரு ஜோடி கூடு கட்டிற்று. என் மாமியார் அதில் பாம்புச் சட்டை தொங்குவதைப் பார்த்துவிட்டார்.

"ஐயையோ, உள்ள பாம்பு இருக்குதும்மா! புள்ள தவழற இடம். நாளைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டு அடைச்சிடணும்."

"இல்லீங்க அத்தை, அந்தக் குருவிதான் வாயில கவ்விக்கிட்டு வந்துது. நானே பார்த்தேன்" என்றேன்.

உண்மைதான். புல், வேர், ரோமத்தோடு பாம்புச் சட்டைத் துண்டையும் கூட்டில் வைப்பது இந்தப் பறவையின் வழக்கம். அத்தை நம்பவில்லை. அவர் மகன் எட்ட நின்று டார்ச் அடித்துப் பார்த்தார். மூன்று முட்டை! கொத்தனாரை நிறுத்தினோம். குழந்தையை முன்கட்டோடு வைத்துக்கொண்டேன்.

அடைகாப்பது தாய் மட்டும்தான். பத்துப் பன்னிரண்டு நாள். குஞ்சு வந்துவிட்டால் அப்பாவும் புழு, வெட்டுக்கிளி என்று கொண்டுவந்து கொட்டுகிறார். (நம் வீட்டுக்காரர்கள் கவனிக்க!) ஒரு முட்டை பொரியவில்லை, இரண்டு குஞ்சு தேறின.

பறக்கப் பழகும்போது ஒன்று முற்றத்தில் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பையன் பால்சோறு ஊட்டக் கிண்ணத்தோடு வந்துவிட்டான். பாலும் சோறும் அதற்கு ஆகாது. கூண்டில் வளர்ப்பதோ 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பூனைக்கு எட்டாத செடியில் உட்கார்த்திவிட்டு நாம் விலகிவிட வேண்டும். மனுஷர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பார்களே, அது கட்டுக்கதை. கூட்டை ஓயாமல் எட்டிப் பார்ப்பதுதான் கெடுதல்.

வைகாசியில் கொத்தனார் வந்து விரிசல்களைப் பூசினார். அந்தப் பொந்தருகே கரண்டியைக் கொண்டுபோனதும், "அதை விட்டுடுப்பா, சுத்தி இருக்கற புதரை மட்டும் வெட்டு" என்றாரே அத்தை!