எண்ண முடியாத துடிப்பு
மூச்சை இழுக்கையில் இதயத்துடிப்பு சற்று விரைவதும் விடுகையில் தணிவதும் குழந்தைகளுக்கு இயல்பே. அதற்கு மருந்து வேண்டியதில்லை. நாங்கள் அஞ்சுவது வேறொன்றை. அழாமல் அமைதியாக இருக்கும் கைக்குழந்தையின் இதயம் நிமிடத்திற்கு 220 முறைக்கு மேல் ஒரே சீராகத் துடித்தால், அதன் மின்னோட்டம் குறுக்குப் பாதையில் சுற்றுகிறதோ என ஐயுறுகிறோம். நெஞ்சு படபடப்பதைக் குழந்தை சொல்லாது; பால் மறுக்கும், வெளிறும், வியர்க்கும், மூச்சு வாங்கும். பல மணி நேரம் நீடித்தால் இதயம் தளரும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு இரவு ஷிப்டு செல்லும் பெற்றோர், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியிடம் இவற்றைச் சொல்லிவைக்க வேண்டும். ஷிப்டு முடியட்டும் எனக் காத்திராமல் அவரே 108-ஐ அழைக்கட்டும். துடிப்பு விரைந்திருக்கும்போதே எடுக்கும் ஈ.சி.ஜி.தான் நோயைக் காட்டிக்கொடுக்கும். முகத்தில் சில விநாடிகள் பனிக்கட்டிப் பை வைத்தோ, அடினோசின் ஊசி செலுத்தியோ துடிப்பைச் சீராக்குகிறோம். வீட்டில் இதனை முயல வேண்டாம். பலருக்கு ஓராண்டுக்குள் இது தானே மறைகிறது. அதுவரை மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.