செம்பனைக் குலை காற்றில் விளைகிறது

ஜொகூரின் பண்டார் தெங்காரா, 1972இல் தொடங்கப்பட்ட கெஜோரா வாரியத்தின் நிலத்திட்டத்தோடு வளர்ந்த ஊர். சுற்றிலும் செம்பனைதான். குலை கனமாக இருந்தால் மண்ணையும் உரத்தையும் புகழ்வது வழக்கம். ஆனால் செம்பனை எண்ணெயில் இருப்பவை கரிமம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்று தனிமங்களே. அவற்றில் எதையும் மரம் உரத்திலிருந்து எடுப்பதில்லை. காற்றும் நீரும்தான் தருகின்றன. பெல்ஜிய அறிவியலாளர் வான் ஹெல்மோன்ட் தொட்டியில் நட்ட வில்லோ கன்று ஐந்தாண்டில் ஏறத்தாழ 74 கிலோ கூடியது. மண்ணின் எடையோ 60 கிராம்கூடக் குறையவில்லை. எல்லாம் நீரால் வந்தது என்று அவர் முடிவு செய்தார். காற்றின் பங்கு அவருக்குப் பின்வந்தவர்களுக்கே புலப்பட்டது.

காற்றில் கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) 0.04 விழுக்காடுதான். ஓலையின் அடிப்புறத்து நுண்துளைகள் வழியே அது உள்ளே நுழைகிறது. பச்சையம் வெயிலின் ஆற்றலை வாங்கி நீரைப் பிளக்கிறது. அதில் கிடைக்கும் ஹைட்ரஜன் கரிவளியோடு சேர்ந்து சர்க்கரையாகிறது. மிஞ்சும் ஆக்சிஜன் வெளியேறுகிறது. அது கரிவளியிலிருந்து அல்ல, நீரிலிருந்தே வருகிறது என்பதை 1941இல் ஆய்வாளர்கள் ரூபனும் கேமனும் கன ஆக்சிஜன் கலந்த நீரைக் கொண்டு காட்டினர். கரிவளிக்காகத் திறக்கும் அதே துளையில் நீராவியும் போய்விடும். அதனால்தான் வறண்ட நண்பகலில் மரம் துளைகளைச் சுருக்கிக்கொள்கிறது. வெயில் மிகுந்தும் உணவுத் தயாரிப்பு குறைகிறது.

அப்படியானால் உரம் எதற்கு என்று கேட்கலாம். உரம் உணவல்ல, உணவு செய்யும் கருவிக்கு உறுப்பு. பச்சைய மூலக்கூறின் நடுவே இருப்பது மக்னீசியம். அது குறைந்தால் வெயில் படும் ஓலை மஞ்சளாகிறது, நிழலில் இருப்பது பச்சையாகவே நிற்கிறது. கீசரைட் உரம் போடுவது இக்குறையைத் தீர்க்கத்தான். நுண்துளைகளைத் திறந்து மூடப் பொட்டாசியம் வேண்டும். இரவில் மரம் கரிவளியை விடுகிறதே, கணக்கு சரியாகிவிடாதா என்பது இன்னொரு கேள்வி. மரம் இரவில் மட்டுமல்ல, பகலிலும் மூச்சு விடுகிறது. முதிர்ந்த செம்பனை தான் செய்த உணவில் பாதிக்கு மேல் இதிலேயே செலவழித்துவிடுகிறது. எஞ்சுவதுதான் தண்டும் மட்டையும் குலையும்.

ஆகவே விளைச்சலின் முதல் பட்டறை பச்சை மட்டையே. குலை அறுக்க வசதி என்று பச்சை மட்டைகளை அளவுக்கு மீறி வெட்டினால், எவ்வளவு உரம் கொட்டியும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. உர மூட்டைகளை எண்ணுவதற்கு முன் மரத்தில் நிற்கும் மட்டைகளை எண்ணுங்கள்.