கணினி ஏன் திடீரென்று மறுபடி தொடங்குகிறது?

கிளிநொச்சியில் சோளகம் வீசும் மாதங்களில் யன்னலைச் சாத்தினாலும் தூசி வீட்டுக்குள் வந்துவிடும். கணினியின் காற்றாடி அதை உள்ளே இழுக்க, புரொசெசரின் வெப்பத்தை வெளியேற்றும் தகடுகள் அடைபட்டுப்போகும். சூடு 100 பாகை செல்சியஸை நெருங்கினால் புரொசெசர் முதலில் வேகத்தைக் குறைக்கும்; அதுவும் போதாவிட்டால் கருகாமல் தப்ப இயக்கத்தையே நிறுத்திவிடும்.

அடுத்த காரணம் மின்சாரம். நமது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லி செக்கன். பவர் சப்ளையின் கொள்ளளவி தேக்கி வைத்திருக்கும் மின் ஏறத்தாழ அவ்வளவு நேரத்துக்குத்தான் காணும். மின்குமிழ் ஒருதரம் மங்கி எரிந்தாலே கணினி விழுந்து எழும்பலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நேரத்தைக் கவனியுங்கள். வீடியோ, விளையாட்டு ஓடும்போது நடந்தால் சூட்டையோ பலமிழந்த பவர் சப்ளையையோ சந்தேகியுங்கள். விளக்கு மங்கும்போது நடந்தால் யூ.பி.எஸ். தேவை. நீலத்திரை தோன்றினால் ரம் அல்லது டிரைவர் பழுதாக இருக்கலாம். விண்டோஸில் தானியங்கி மறுதொடக்கத்தை நிறுத்தினால் பிழை எண்ணை வாசிக்கலாம்.

பிளக்கைக் கழற்றி, காற்றாடி சுழலாமல் பிடித்து, மென்தூரிகையால் தூசி தட்டுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின் தங்கியிருக்கும்.